ஏன்ட்டி குடுத்தான்?

2011 ஜூலை கடைசி. ‘தெய்வத் திருமகள்’ வெளியாகி ரெண்டு வாரம் ஆகியிருந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு தியேட்டரில் மாலைக் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். அம்மாவுக்கு விக்ரமைப் பிடிக்கும். படம் எதைப் பற்றியது என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை.

படத்தில் விக்ரம்தான் கிருஷ்ணா, அறிவுசார் குறைபாடுள்ள அப்பா. மகள் நிலாவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கோர்ட்டில் போராடுகிறான். அந்தக் கோர்ட் காட்சியில் தியேட்டரே அழுதது. வக்கீல்கள் பேசிக்கொண்டிருக்க, அப்பாவும் மகளும் ஆளுக்கொரு மூலையிலிருந்து கையாலேயே பேசிக்கொள்ளும் அந்த இடம். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஒருவழியாகப் பிள்ளை அவனிடம் வந்து சேர்கிறது. அன்று ராத்திரியே, தூங்கும் நிலாவைத் தூக்கிக்கொண்டு போய் அவள் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிருஷ்ணா தன் வழியே போய்விடுகிறான். பிள்ளை நல்ல இடத்தில் வளர வேண்டும், டாக்டராக வேண்டும் என்பதற்காக. மறுபடியும் தியேட்டர் அழுதது. நானும் அழுதேன்.

அம்மா அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தவள் பிடியை இறுக்கிக்கொண்டே போனாள். விளக்குப் போட்டதும் கேட்டாள்.

“ஏன்ட்டி குடுத்தான்?”

“படிக்க வைக்கணும்லாம்மா. அவங்க வசதியானவங்க.”

“அவந்தான ஜெயிச்சான்?”

“ஆமா.”

“பொறவு ஏன் குடுத்தான்? புள்ள காலம்பற முழிச்சா தேடுமில்லா?”

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மறுபடி கேட்டாள். கல்லிடைக்குறிச்சியில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும், இப்படிப்பட்ட அப்பாவோ அம்மாவோ வரும் படம் எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

என் அம்மாவுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. ‘லேசானது, 50 சதவீதம்’ என்று சான்றிதழில் போட்டிருக்கிறது. சான்றிதழ் 2010-ல்தான் வாங்கினோம். அதற்கு முன்னால் ஊரில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. பிரியமானவர்கள் ‘வெள்ளந்தி’ என்பார்கள். மற்றவர்கள் ‘புத்தி பத்தாது’ என்பார்கள். இன்னும் சிலர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்ட வராது. ரூபாய் நோட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். 2016-ல் நோட்டெல்லாம் நிறம் மாறியபோது ரொம்பவே தடுமாறிப்போனாள். புது இடத்துக்குத் தனியாகப் போக மாட்டாள். ஒரே நேரத்தில் ரெண்டு வேலை சொன்னால் ரெண்டாவது மறந்துவிடும். ஒன்றைப் பத்து தடவை செய்து காட்டினால் அதன்பிறகு ஆயுசுக்கும் பிசகாமல் செய்வாள்.

அப்பளம் அப்படித்தான் அவளுக்குக் கைவந்தது. எங்கள் ஊர் அப்பளத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, தாமிரபரணித் தண்ணீர் என்பார்கள். உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் பெருங்காயமும் சேர்த்து இடித்து, எண்ணெய் தொட்டு உருட்டி, நூலால் துண்டு போட்டு, குழவியால் இட வேண்டும். அம்மா இடுகிற அப்பளத்தில் ஓரமும் நடுவும் ஒரே கனமாக இருக்கும். எண்ணுவதுதான் அவளால் முடியாது. ஆச்சி அதற்கு ஒரு வழி செய்திருந்தாள். தினமும் காலையில் ஒரு கிண்ணத்தில் நூறு புளியங்கொட்டை எண்ணிப் போட்டுவைப்பாள். ஒரு அப்பளம் இட்டு முடித்தால் ஒரு கொட்டையை எடுத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். முதல் கிண்ணம் காலியானால் நூறு. முதலாளி வீட்டில் எத்தனை முறை எண்ணிப் பார்த்தார்களோ, ஒரு அப்பளம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என்னை வளர்த்ததும் ஏறக்குறைய இப்படித்தான். கைக்குழந்தையாக இருந்தபோது செங்கோட்டை ரயில் சத்தம் கேட்டால் எனக்குப் பால், கோயில் மணி அடித்தால் குளிப்பாட்டு, ரேடியோவில் திருநெல்வேலி நிலையச் செய்தி வந்தால் தூங்கவை. காய்ச்சல் மருந்து பாட்டிலின் மூடியில் ஆச்சி நகப்பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். மருந்து அந்தக் கோட்டுக்கு மேல் போகக்கூடாது. பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு, என்ன கிழமைக்கு என்ன புத்தகம் என்று அம்மாவுக்குத் தெரியும்படி அட்டைகளுக்கு வேறு வேறு நிறத்தில் உறை போட்டாள். ஆச்சி மூணாங்கிளாஸ் வரை படித்தவள். ரொம்ப நாள் கழித்து இணையத்தில் படித்தேன்: கனடாவில் மாரிஸ் ஃபெல்ட்மன் என்ற உளவியலாளர், அறிவுசார் குறைபாடுள்ள தாய்மார்களுக்காகக் குழந்தை வளர்ப்பைப் படிப்படியாகப் படம் போட்டுக் காட்டும் கையேடுகள் தயாரித்து, அவற்றைப் பார்த்தே அவர்கள் வேலையைச் சரியாகக் கற்றுக்கொள்வதை ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார். படித்தபோது எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் கண்ணுக்குள் வந்தது.

சினிமா கோர்ட் எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் ஒருநாள் வந்தது. எனக்கு அப்போது ஆறு வயசு, 1993. அப்பா எனக்கு ரெண்டு வயசிருக்கும்போதே பம்பாய்க்குப் போனவர், திரும்பவில்லை. தூத்துக்குடியிலிருந்து அத்தை, ரெண்டு பெரிய மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அத்தைக்குப் பிள்ளை கிடையாது. என் மேல் உண்மையிலேயே பிரியம் உள்ளவள்தான், அதில் சந்தேகமில்லை. பிள்ளையைக் கூட்டிப்போய்ப் படிக்கவைக்கிறோம் என்றாள். வந்தவர்களில் ஒருவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: “புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எத்தனை மில்லி மருந்து குடுப்பே?”

அம்மாவுக்கு மில்லி தெரியாது. உள்ளே போய் பாட்டிலையும் மூடியையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். “இந்தக் கோடு மட்டும்” என்றாள்.

“கோடு போட்டது யாரு?”

“எங்கம்ம.”

“அப்ப உங்கம்ம இல்லாட்டி?”

அதற்குள் ஆச்சி அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். “நான் இல்லாட்டி பக்கத்து வீட்டுக்காரி போடுவா. உம்ம வீட்டுல உம்ம பொண்டாட்டி இல்லாட்டி யாருவே சோறு பொங்குவா? நீரு பொங்குவீரா? அதுக்காவ உம்மகிட்ட இருந்து புள்ளைகளப் பிடுங்கிட்டா போனாங்க?”

அத்தோடு பேச்சு முடிந்தது. அத்தை ஒரு ராத்திரி தங்கி, எனக்கு ரெண்டு கவுன் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாப் படங்களிலும் வக்கீல் கேட்பது அந்தப் பெரிய மனுஷர் கேட்ட கேள்வியைத்தான். இவனால் தனியாக முடியுமா? அதற்குப் படம் சொல்லும் பதில் எப்போதும் பாசம். அவனுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று காட்டி நம்மை அழவைக்கிறார்கள். பாசம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. என் அம்மாவின் பாசத்துக்கு நான்தான் சாட்சி. ஆனால் அந்தத் திண்ணையில் என்னைக் காப்பாற்றியது பாசத்தோடு சேர்ந்த சிவப்புக் கோடும், கோடு போட்ட ஆச்சியும், ஆச்சி இல்லாவிட்டாலும் போடத் தயாராக இருந்த பக்கத்து வீடும். ‘தனியாக முடியுமா’ என்ற கேள்வியே தப்பு என்று ஆச்சி அன்றைக்குச் சொன்னாள். படத்தில் வரும் எந்த வக்கீலாவது இதைச் சொல்ல மாட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருக்கிறேன்.

‘தெய்வத் திருமகள்’ எதிலிருந்து வந்தது என்று அப்போதே எல்லோரும் எழுதினார்கள். 2001-ல் வந்த ‘ஐ ஆம் சாம்’. ஷான் பென் நடித்தது, அதற்காக அவர் பெயர் ஆஸ்கர் பட்டியலுக்கும் போனது. அந்தப் படத்திலும் எனக்குக் குறைகள் தெரிகின்றன. ‘ஏழு வயசுப் பிள்ளையின் புத்தி’ என்ற அளவுகோலை அது அடிக்கடி நீட்டுகிறது. என் அம்மாவுக்கு ஏழு வயசுப் புத்தி கிடையாது. ஏழு வயசுப் பிள்ளை அரிசி தீரும் முன்னால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிவைக்காது, அடுத்த மாதம் ஞாபகமாகத் திருப்பியும் கொடுக்காது. அவள் நாற்பது வருஷம் வாழ்ந்து பார்த்த ஒரு பெண்ணின் புத்தியோடுதான் இருந்தாள். அந்தப் புத்திக்குச் சில வேலைகள் வராது, அவ்வளவுதான். குழந்தை குழந்தை என்று ஒரு மனுஷியைச் சொல்லிக்கொண்டே இருந்தால், குழந்தையிடம் குழந்தையை எப்படிக் கொடுப்பது என்ற அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது.

ஆனாலும் அந்த ஆங்கிலப் படத்தில் ரெண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. சாமுடைய நண்பர்களாக வருகிறவர்களில் ரெண்டு பேர் நிஜமாகவே குறைபாடு உள்ள நடிகர்கள். ஒருவர் பிராட் சில்வர்மன், இன்னொருவர் ஜோசப் ரோசன்பர்க். நம் ஊர்ப் படங்களில் இந்தப் பாத்திரங்களுக்கு எப்போதும் பெரிய நட்சத்திரம்தான் வருகிறார். விக்ரம் உழைத்து நடித்தார், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. திரையில் ஒரு ஓரத்திலாவது என் அம்மா மாதிரி ஒருத்தியைப் பார்க்க ஆசைப்படுகிறேன், அவ்வளவே. ரெண்டாவது விஷயம் பக்கத்து வீட்டு அம்மாள். வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படுகிறவள், சாமுக்குக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தருகிறாள். எத்தனை மணிக்குப் பால் கொடுப்பது என்று டிவி நிகழ்ச்சிகளை வைத்து அடையாளம் சொல்கிறாள். செங்கோட்டை ரயில் மாதிரியே! அமெரிக்காவில் ஒரு ஆச்சி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியிலும் வளர்ப்புத் தாயாக வந்தவள் குழந்தையைச் சாமிடமே கொண்டுவருகிறாள், அவன் அவளிடம் கூட இருந்து உதவச் சொல்கிறான். குழந்தைக்கு ரெண்டு பேரும் கிடைக்கிறார்கள்.

தமிழுக்கு வரும்போது அந்த முடிவைத்தான் மாற்றிவிட்டார்கள். சித்தி இருக்கிறாள், தாத்தா இருக்கிறார், ஊர் நிறைய சொந்தம் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வளர்ப்பது நமக்குப் புதுசா? நம் வீடுகளில் பிள்ளை வளர்வதே அப்படித்தானே? கூட்டாக வளர்க்கும் பழக்கமில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அமெரிக்காவின் படம் ஒன்றுசேர்க்க, நம் படம் பிரித்துவிட்டது. பிரித்ததோடு அதைத் தியாகம் என்றும் காட்டியது. கிருஷ்ணா மாதிரி ஆட்கள் பிள்ளையை விட்டுக்கொடுத்தால் நல்லவர்கள் என்று ஆகிவிடுகிறது. அன்றைக்குத் தியேட்டரில் விட்ட கண்ணீரில் கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நல்லவேளை, பிள்ளை ‘சரியான’ இடத்துக்குப் போய்விட்டது என்ற நிம்மதி. அது என் கண்ணீரிலும் இருந்தது. அதை எழுதுவதற்கே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ‘ஐ ஆம் சாம்’, அதை வைத்து இந்தியில் அஜய் தேவ்கன் நடித்த ‘மே ஐசா ஹி ஹூ’, நம் ‘தெய்வத் திருமகள்’, 2013-ல் கொரியாவில் வந்து பிறகு துருக்கி வரைக்கும் போன ‘ஏழாம் எண் அறை அதிசயம்’. எல்லாவற்றிலும் அப்பா. எல்லாவற்றிலும் மகள். மகளுக்கு ஆறேழு வயசு. அம்மா செத்துப்போயிருப்பாள், இல்லை விட்டுப் போயிருப்பாள். கொரியப் படத்தில் அந்த அப்பா செய்யாத குற்றத்துக்குத் தூக்கில் போகிறார். துருக்கிக்காரர்கள் மனசு கேட்காமல் அவரைப் பிழைக்கவைத்தார்கள். அதை மட்டும் நான் மூன்று தடவை பார்த்தேன்.

அம்மா ஏன் வருவதில்லை? ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அப்பா என்றால் குழந்தை எப்படி வந்தது என்று யாரும் நோண்டுவதில்லை. அம்மா என்றால் முதல் கேள்வியே அதுதான், அதுவும் ஒரு மாதிரியான குரலில். என் அம்மாவுக்கு ஊரறியத் தாலி கட்டித்தான் கல்யாணம் நடந்தது. இருந்தும் அந்தக் குரலை என் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தின் 5-ம் பிரிவிலேயே, சம்மதம் சொல்லும் நிலையில் இருந்தாலும், கல்யாணத்துக்கும் பிள்ளை பெறுவதற்கும் தகுதியில்லாத அளவுக்கு மனநலக் கோளாறு இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகப் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். முதல் தடவை அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் பிறந்தது 1987. பிரசவம் முடிந்து அம்மா மயக்கத்தில் இருந்தபோதே ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது ஆச்சி. அது தெரியாமல் அடுத்த ரெண்டு வருஷமும் அம்மா ஒரு ஆம்பிளைப் பிள்ளை வேண்டும் என்று கோயில் மரத்தில் துணித் தொட்டில் கட்டினாள். ஆச்சி கூடவே நின்று பார்த்திருக்கிறாள். 2006-ல், சாவதற்கு முந்தின வருஷம், ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லி அழுதாள். “ஒண்ணத் தூக்கிவிட எனக்குத் தெம்பு இருந்துச்சு. ரெண்டுக்கு இருக்குமான்னு பயந்துட்டேன்” என்றாள். சிவப்புக் கோடு போட்ட கைதான் அந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டது. ஆச்சியை என்னால் வெறுக்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது, அதைச் சொல்ல வேண்டியவள் அம்மா. அம்மாவுக்கு இன்னமும் தெரியாது.

எங்கள் வீட்டோடு போன விஷயம் இல்லை இது. 1994-ல் புனேயில் அரசு விடுதியில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பையையே எடுத்தார்கள், நாடு முழுக்கப் பேச்சானது. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக் என்ற பெண்ணுக்குக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. மந்தபுத்திக் குடும்பம், மூன்று தலைமுறை போதும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அந்த மூன்றாம் தலைமுறை என்று சொல்லப்பட்ட மகள் விவியன், பள்ளியில் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பிடித்து, எட்டு வயசில் நோயில் இறந்துபோனாள்.

2009-ல் நம் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை எங்கள் அலுவலகத்தில் வக்கீல் எடுத்துவைத்திருந்தார். சுசிதா ஸ்ரீவாஸ்தவா எதிர் சண்டிகர் நிர்வாகம். அரசு விடுதியில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண் பலாத்காரத்தால் கர்ப்பமாகிறாள். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிடுகிறது. அவளோ பிள்ளை வேண்டும் என்கிறாள். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக்கூடாது, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணனோடு அந்த அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் பி. சதாசிவம். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தத் தீர்ப்பை முழுக்கப் படித்தேன். 1987-ல் யாராவது இதை ஆச்சியிடம் சொல்லியிருந்தால், அந்த டாக்டரிடம் சொல்லியிருந்தால் என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ம் பிரிவு, சம்மதமில்லாமல் மலடாக்கும் சிகிச்சை எதுவும் செய்யக்கூடாது என்கிறது. நல்லது. 9-ம் பிரிவில்தான் எனக்கு வருத்தம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 23-ம் பிரிவு, பிள்ளைக்குக் குறைபாடு இருந்தாலும் சரி, பெற்றோருக்குக் குறைபாடு இருந்தாலும் சரி, அதைக் காரணம் காட்டி ரெண்டு பேரையும் பிரிக்கக்கூடாது என்கிறது. இந்தியா அதில் 2007-லேயே சேர்ந்துவிட்டது. நம் 9-ம் பிரிவோ குறைபாடுள்ள பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுகிறது. குறைபாடுள்ள அம்மாவை விட்டுவிட்டது. கிருஷ்ணாவும் என் அம்மாவும் அந்தப் பிரிவில் இல்லை.

படமாக எடுக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 19 வயசுத் தாய் ஒருத்தியிடமிருந்து பிறந்து ரெண்டே நாளான பெண் குழந்தையைக் குழந்தைகள் நலத்துறை எடுத்துப் போனது. அவளுக்கு அறிவுசார் குறைபாடு. கூட இருந்து பார்த்துக்கொள்ள அவள் அம்மா வேலையையே விட்டுவிட்டு வந்து நின்றாள். துறை அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2015 ஜனவரியில் மத்திய அரசின் நீதித்துறையும் சுகாதாரத்துறையும் விசாரித்து, இது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தை மீறிய செயல் என்று எழுதின. பிள்ளை அம்மாவிடம் திரும்பியபோது ரெண்டு வயசு தாண்டிவிட்டிருந்தது. இதில் ஆச்சி இருக்கிறாள், பாருங்கள்.

பழைய படம் ஒன்றில்தான் நான் ஆச்சியைப் பார்த்தேன். கே. விஸ்வநாத் தெலுங்கில் எடுத்த ‘ஸ்வாதி முத்யம்’, தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’, 1986. கமல் நடித்த சிவய்யாவுக்குப் பின்னால் ஒரு பாட்டி இருப்பாள். அவள் போன பிறகு ராதிகா அவனுக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்து, வேலைக்கு அனுப்பி, குடும்பம் நடத்துவாள். ராமர் கல்யாணத்தின்போது அவளைக் கேட்காமலேயே அவன் தாலி கட்டுவதை இன்றைக்கு என்னால் ரசிக்க முடியவில்லை. அவன் வெகுளி என்பதற்காக அவளுடைய சம்மதத்தைத் தூக்கிப்போட முடியாது. இருந்தாலும் அந்தப் படத்தில் சிவய்யா அப்பா ஆகிறான், தாத்தாவும் ஆகிறான். நரைத்த தலையோடு பேரப்பிள்ளைகள் சூழ இருக்கிறான். பிற்பாடு வந்த எந்தப் படமும் அந்த வயசு வரைக்கும் போகவில்லை.

ஆறேழு வயசோடு படங்கள் முடிந்துவிடுவதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் பிள்ளை அம்மாவைத் தாண்டிப்போகும். நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது தாண்டினேன். பஸ் ஸ்டாண்டில் அம்மா ஒவ்வொரு கண்டக்டரிடமும் ‘பாவநாசமா, பாவநாசமா’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போர்டைப் படித்துவிட்டேன், சொல்லவில்லை. அவள் கேட்டு முடிக்கும்வரை சும்மா நின்றேன். ‘ஐ ஆம் சாம்’ படத்துக் குழந்தை அப்பாவுக்குத் தெரியாத வார்த்தையைப் படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இடத்தில், அந்த ஒன்றை மட்டும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பதினாலு வயசில் வேறு மாதிரி ஆனேன். ராங்க் கார்டில் அம்மா கைநாட்டு வைப்பாள். நான் ஆச்சியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அம்மா வெளியூரில் இருக்கிறாள் என்று வகுப்பில் சொன்னேன். வெளியூரில் இருப்பதாகச் சொன்ன அம்மா மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். நான் போகவில்லை. பாத்திரத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “சோறு தின்னியாட்டி?”

2014-ல் என் மகள் பிறந்தாள். பத்தாம் நாள் குளிப்பாட்ட ஆள் வேண்டும். மாமியார் வீட்டில் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். “அவங்ககிட்ட குடுக்க வேண்டாம், வேற ஆளு பாப்போம்” என்றார்கள். நான் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்தேன்.

கொல்லையில் பலகை போட்டு உட்கார்ந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ரெண்டு காலையும் நீட்டிச் சேர்த்தாள். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து, ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றி, மறுபடி முழங்கையால் தொட்டாள். பிள்ளையைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் குப்புறப் போட்டு, தலையை இடது கையில் ஏந்திக்கொண்டாள். எண்ணெயைக் கழுத்து மடிப்பில், அக்குளில், தொடை இடுக்கில் ஒரே வரிசையில் தடவினாள். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே இருந்தாள். கிட்டப் போய்க் கேட்டேன். “கழுத்து, கக்கம், தொட, முதுகு. கழுத்து, கக்கம், தொட, முதுகு.” 1987-ல் ஆச்சி சொல்லிக்கொடுத்த வரிசை. 27 வருஷம் அவள் கையில் பிள்ளை இல்லை. இருந்தும் வரிசை மாறவில்லை. தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையின் மூக்குக்கு மேல் உள்ளங்கையைக் கூரை மாதிரி கவிழ்த்துப் பிடித்தாள். பிள்ளை அழவே இல்லை. மாமியார் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் தானே வெந்நீர் போட்டுவைத்தார்.

அம்மா இப்போது எங்களோடு பாளையங்கோட்டையில் இருக்கிறாள். மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை வருகிறது, அதைப் பேத்தியின் உண்டியலில்தான் போடுவாள். ‘தெய்வத் திருமகள்’ டிவியில் அடிக்கடி வரும். வந்தால் எல்லா வேலையையும் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள், பேத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள். கோர்ட்டில் பிள்ளை அப்பாவிடம் ஓடிவருகிற வரைக்கும் கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பாள். அவர்கள் ரெண்டு பேரும் கட்டிக்கொண்டதும் ரிமோட்டை எடுத்து, சிவப்புப் பொத்தானை அமுக்கி டிவியை அணைத்துவிடுவாள். 

“இன்னும் படம் இருக்கு ஆச்சி” என்பாள் என் மகள்.

“அம்புட்டுத்தான். முடிஞ்சிட்டு. எந்தி, சோறு தின்னுவம்.”